இல்லப் பக்கம்: அக்காவின் கவுன், தங்கையின் அளவு



அண்மையில் நமக்கு வந்த மடல்களுள் ஒன்றைப் படித்த பின் உடனே மடித்து வைத்துவிட இயலவில்லை. இரு பெண்மக்களுக்குத் தாயாகிய ஒரு சகோதரி எழுதியது அது. அவருடைய தம்பிக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மூத்தவளுக்கு வயது பன்னிரண்டு; இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்காகத் தைத்த ரோஜா நிறக் கவுன் அவளுக்குச் சிறிதாகிவிட்டது. அதை அவள் அணிந்தது இரண்டே முறை. ஆகவே அக்கவுனை ஒன்பது வயது இளையவளுக்குக் கொடுத்துவிட்டு, மூத்தவளுக்கு மட்டும் புதிது வாங்குவது என்று பெற்றோர் முடிவு செய்தனர். குடும்ப வருவாய் அவ்வளவுதான். ஆனால் இளையவள் அக்கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "எனக்கு மட்டும் எப்போதும் அக்கா போட்டதுதானா, அம்மா?" என்று கேட்டுவிட்டாள். தோள் சரிந்து, இடுப்பு இறங்கி, கணுக்கால் வரை தொங்கிய அவ்வுடையில் மகள் நின்ற கோலத்தைக் கண்டு தாய்க்கு மறுமொழி தோன்றவில்லை. மடலின் இறுதியில் தம்மைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார்: "என் பட்டு ரவிக்கையும் எனக்குப் பிடிக்கிறது. வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது, துணிவுதான் இல்லை."

அந்தத் துணிவைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம். அச்சிறுமியின் கேள்வியைப் பேராசை என்று கடிந்து ஒதுக்கிவிடலாகாது. பழைய ஆடை என்பதற்காக மட்டும் அவள் வருந்தவில்லை. தன் அளவைப் பாராமலே தனக்கு ஒன்று தரப்பட்டது என்பதே அவள் வருத்தம். ஆடையைத் திருத்துவது எனில், "இது உனக்காகவே ஆயிற்று" என்று அப்பிள்ளைக்குச் சொல்வதாகும்.

முதலில் நம் குறையை ஒப்புக்கொண்டு தொடங்குவோம். பல்லாண்டுகளுக்கு முன் நம் இல்லத்திலும் இதே நிலை இருந்தது. சுற்றளவில் நான்கு அங்குலம் மிகுதியாயிருந்த ஒரு கவுனை, பக்கத்துக்கு இரண்டு அங்குலமாக இருபுறமும் உள்ளே தள்ளித் தைத்தோம். கணக்குச் சரியென்றே நம்பினோம். மிஞ்சிய துணி அழகின்மையாகத் தோன்றவே, கத்தரிக்கோலால் வெட்டியும் எறிந்தோம். பிள்ளைக்கு அணிவித்தபோது தலைக்குக் கீழே ஆடை இறங்கவில்லை. அவள் அழவில்லை, அதைப் பேசாமல் மடித்து நம் கையில் கொடுத்தாள். அந்த மௌனம் இன்றும் நினைவிலிருக்கிறது. நாம் செய்த பிழைகள் இரண்டு: ஒன்று கணக்கில், மற்றொன்று அவசரத்தில்.

கணக்கை முதலில் காண்போம். பக்கத் தையல் ஒவ்வொன்றிலும் முன் துணி ஒன்றும் பின் துணி ஒன்றுமாக இரு துணிகள் சேர்கின்றன. தையலை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினால் முன்னால் ஓர் அங்குலமும் பின்னால் ஓர் அங்குலமும் குறையும். இருபுறமும் அவ்வாறே செய்தால் மொத்தம் நான்கு அங்குலம் குறைந்துவிடும். ஆதலின் குறைக்க வேண்டிய அளவை நான்கால் வகுத்து, அந்தக் கால் பங்கு மட்டுமே ஒவ்வொரு பக்கமும் உள்ளே தள்ள வேண்டும். நாம் இரண்டால் வகுத்தோம். நான்கு அங்குலம் குறைய வேண்டிய இடத்தில் எட்டு அங்குலம் குறைந்தது.

ஓர் எடுத்துக்காட்டு: கவுனின் மார்புச் சுற்றளவு 32 அங்குலம், பிள்ளையின் மார்புச் சுற்றளவு 26 அங்குலம். ஆடை உடலோடு ஒட்டிக்கொள்ளாமல், மூச்சு விடவும் கை தூக்கவும் ஏறக்குறைய 3 அங்குலம் தளர்வு வேண்டும். எனவே ஆடைக்கு வேண்டியது 29 அங்குலம். மிகுதி 3 அங்குலம். அதை நான்கால் வகுத்தால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம். இந்த ஒரு கணக்கை நினைவில் கொண்டால் பாதி வேலை முடிந்தது போலாம்.

இனி வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை. ஆடையைத் துவைத்து இஸ்திரி போடுங்கள். அழுக்கும் சுருக்கமும் உள்ள துணி அளவைப் பொய்யாக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அக்குளையும் தையல் ஓரங்களையும் நோக்குங்கள். வியர்வையால் இற்றுப்போன துணியாயின் அதில் உழைப்பது வீண். பின்னர் உள்புறம் வெளியே வருமாறு திருப்பிப் பிள்ளைக்கு அணிவித்து, இயல்பாக நிற்கச் செய்யுங்கள். விழா நாளில் உள்ளே அணியும் உள்ளாடையை இப்போதும் அணிந்திருக்க வேண்டும். குண்டூசி குத்துமுன் எத்தனை எடுத்தோம் என்று எண்ணிக்கொண்டு, வேலை முடிந்ததும் மீண்டும் எண்ணுங்கள். ஓர் ஊசி குறைந்தாலும் அது கிடைக்கும் வரை ஆடையைப் பிள்ளையிடம் கொடுக்கலாகாது.

ஆடையிலுள்ள சுருக்கங்களே குறை எங்கே என்பதைக் காட்டிவிடும். குறுக்கே இழுபட்டுக் கோடு கோடாக விழுந்தால் அவ்விடம் இறுக்கம். மேலிருந்து கீழாக மடிந்து தொங்கினால் அவ்விடம் அகலம் மிகுதி. சாய்வான கோடுகள் விழுந்தால், அவை எந்த இடத்தை நோக்கிச் செல்கின்றனவோ அங்கேதான் துணி பிடிக்கிறது. அளவு நாடாவை எடுப்பதற்கு முன் சற்று எட்ட நின்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பார்ப்பது நலம்.

திருத்தும் வரிசை மேலிருந்து கீழாக அமைய வேண்டும்: முதலில் தோள், பிறகு பக்கங்கள், அதன்பின் இடுப்பு, இறுதியில் கீழ்மடிப்பு. பலர் நீளத்தைத்தான் முதலில் குறைப்பர். தோளை உயர்த்தியவுடன் ஆடை முழுவதும் மேலே ஏறும்; முன்னரே குறைத்த நீளம் அப்போது போதாமற்போகும்.

தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அரை அங்குலம் சரிந்திருந்தால் கையைப் பிரித்து மீண்டும் பொருத்த வேண்டுமென்பதில்லை. கழுத்துக்கும் கைக்கும் நடுவே, தோளிலிருந்து கீழ்நோக்கி இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு டக் எனப்படும் மடிப்புத் தையல் ஒன்றை முன்னும் பின்னும் போடுங்கள். கால் அங்குல ஆழமுள்ள மடிப்பு அரை அங்குலத் துணியை விழுங்கும். பார்ப்பவர்க்கு அது அழகுக்காக வைத்ததாகவே தோன்றும். அடுத்த ஆண்டு பிரித்தும் விடலாம்.

பக்கங்களுக்கு முன் சொன்ன கணக்கின்படி சாக்கட்டியால் புதிய கோடு வரையுங்கள். அது அக்குளிலிருந்து இறங்கி, பழைய தையலோடு சிறிது சிறிதாகச் சரிந்து கலக்க வேண்டும். திடீரென்று முடிந்தால் அவ்விடத்தில் துணி புடைத்து நிற்கும். ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் எடுக்க நேர்ந்தால் கைக்குழி கோணலாகிவிடும். அப்போது ஒரு பங்கைப் பின்புற மடிப்புகளில் எடுத்துக்கொள்வது தக்கது.

இப்போது இயந்திரத்தருகே போக வேண்டாம். வேறு நிற நூலால், அரை அங்குல நீளமுள்ள பெரிய தையலாக, கையாலேயே நூலோட்டம் போடுங்கள். பிள்ளைக்கு அணிவித்து, கைகளைத் தூக்கச் சொல்லுங்கள். தரையில் அமரச் சொல்லுங்கள். குனிந்து காலணி மாட்டச் சொல்லுங்கள். எங்கும் பிடிக்கவில்லையாயின் அதன் பிறகே இயந்திரத் தையல். நூலோட்டத்தைப் பிரிக்க ஒரு நிமிடம் போதும். இயந்திரத் தையலைப் பிரிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். வெட்டிய துணியையோ ஒட்ட வைக்கவே முடியாது. நாம் செய்த இரண்டாம் பிழை இதுவே. ஆதலின் மிஞ்சிய துணியை வெட்டாமல் உள்ளேயே விரித்து இஸ்திரி போட்டு, ஓரத்தைக் கைத்தையலால் கட்டிவிடுங்கள். வளரும் பிள்ளைக்கு அது சேமிப்பு.

கவுனின் இடுப்புத் தையல் பிள்ளையின் இடுப்புக்கு ஒன்றரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால், அத்தையலுக்குச் சற்று மேலே உள்புறமாக முக்கால் அங்குல ஆழத்தில் சுற்றிலும் ஒரு மடிப்பு எடுத்துத் தைக்கலாம். பின்புறப் பித்தானும் காஜாவும் அவ்விடத்தில் வருமாயின் அங்கே மட்டும் ஒரு கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு பட்டை கட்டிவிட்டால் மடிப்பு மறைந்துவிடும்.

இறுதியாக நீளம். அகல விரிந்த பாவாடைப் பகுதியுடைய கவுனாயின் ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டு, மறுநாள் அளவெடுங்கள். குறுக்காக வெட்டிய துணி தன் எடையாலேயே சில இடங்களில் நீளும். அளவை இடுப்பிலிருந்து எடுக்க வேண்டாம், தரையிலிருந்து எடுங்கள். ஓர் அளவுகோலைத் தரையில் நிறுத்தி, நீங்களே பிள்ளையைச் சுற்றி வந்து ஒரே உயரத்தில் அடையாளமிடுங்கள். அவள் குனிந்து பார்த்தால் பின்புறம் உயர்ந்துவிடும். நேரே நோக்கி நிற்கட்டும். மிகுந்த நீளத்தை மூன்று அங்குலக் கீழ்மடிப்பாக வைக்கலாம். அதற்கும் மிஞ்சினால் பாவாடையின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஓர் அங்குல ஆழமுள்ள மடிப்புத் தையல்கள் இரண்டு போட்டால் நான்கு அங்குலம் அடங்கும், அழகாகவும் இருக்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியுமாயின் அதன்மேல் ஒரு லேஸ் வைத்துத் தைத்துவிடுங்கள்.

இவ்வளவும் அளவைப் பற்றியவை. தோற்றத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். உடையைப் பார்த்தவுடன் "இது உன் அக்கா போட்டதல்லவா?" என்று உறவினர் கேட்பது இயல்பு. பித்தான்களை மாற்றுதல், வேறு நிறத்தில் இடுப்புப் பட்டை அமைத்தல், கழுத்தோரம் சிறு பூவேலை செய்தல் ஆகிய இவற்றுள் எது வேண்டுமென்பதை இளையவளே தேர்ந்தெடுக்கட்டும். கடைக்கு அவளையும் அழைத்துச் சென்று, பித்தானையோ பட்டைத் துணியையோ அவள் கையாலேயே எடுக்கச் செய்யுங்கள். செலவு சிறிது; ஆனால் அந்த உடையில் அவள் விருப்பம் ஒன்று சேர்ந்துவிடும். மூத்தவளைக் குண்டூசிகளை எண்ணவும் நூல் கோக்கவும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். தன் உடை தங்கைக்குப் போவதைப் பார்த்து நிற்பதைவிட, தானே அதை ஆக்கிக் கொடுப்பது அவளுக்கும் நல்லது.

திருத்திய உடையில் இழிவு ஏதுமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து 1949ஆம் ஆண்டு மார்ச் வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்களே வழங்கப்பட்டன. பணமிருந்தாலும் கூப்பன் இன்றி ஆடை வாங்க இயலாது. உள்ளதைச் சீர்ப்படுத்தி உடுத்துமாறு அறிவுறுத்தி, அந்நாட்டு வர்த்தக வாரியமே 1943இல் ஒரு கையேடு வெளியிட்டது. செல்வர் வீட்டிலும் ஏழையர் வீட்டிலும் ஒருங்கே தையலைப் பிரித்துத் திருப்பித் தைத்த காலம் அது. நம் நாட்டிலும் அதே 1943இல் பருத்தித் துணிக்குக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அக்காலத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் துண்டுத் துணியையும் தூக்கி எறியாமல் மூட்டை கட்டி வைத்ததன் காரணம் நமக்கு இப்போது விளங்கும்.

இனி அச்சகோதரியின் ரவிக்கைக்கு வருவோம். மகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர் தம்மைப் பற்றி ஒரு வரியே எழுதினார். நம் தாய்மார் பலர் ரவிக்கை பிடிக்கிறது என்ற ஒரே காரணத்தால், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று விழாக்களுக்குச் செல்லாமலே நின்றுவிடுகின்றனர். மக்களைப் பெற்று வளர்த்த உடல் மாறுவது குற்றமன்று. உடல் மாறினால் ஆடையும் மாற வேண்டும், அவ்வளவே.

ரவிக்கையை உள்புறம் திருப்பிப் பாருங்கள். நம் ஊர்த் தையற்காரர் பலர் பக்கவாட்டில் ஓர் அங்குலம் வரை துணியை உள்ளே விட்டு, அடுத்தடுத்து இரண்டு மூன்று தையல்கள் போட்டிருப்பர். உடலுக்கு அருகிலிருக்கும் தையலைப் பிரித்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். தையல்களுக்கிடையே கால் அங்குல இடைவெளி இருப்பின், இருபுறமும் ஒவ்வொரு தையலைப் பிரிப்பதால் சுற்றளவில் ஓர் அங்குலம் கிடைக்கும். முன் சொன்ன நான்கின் கணக்கே இங்கும் உதவுகிறது. பிரிக்கும்போது நூலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஒரு புறத்தில் நான்கைந்து தையலுக்கு ஒரு முறை கூரிய சிறு கத்தரியால் நறுக்கிக்கொண்டு, மறுபுறத்து நூலை உருவினால் துணி கிழியாமல் வந்துவிடும்.

பட்டிலும் சாட்டினிலும் ஊசி பட்ட துளை மறையாமல் நிற்கக்கூடும். உள்ளே மறைந்திருந்த துணி, வெளுக்காமல் சற்றுக் கருத்தும் தோன்றலாம். எனவே முதலில் கீழ்ப்புறத்தில் ஓர் அங்குலம் மட்டும் பிரித்துப் பாருங்கள். பக்கத் தையல் கையின் மறைவில் அமைவதால் சிறு அடையாளம் எளிதில் கண்ணில் படாது. பருத்தியாயின் சிறிது ஈரம் தெளித்து இஸ்திரி போட்டால் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டின்மேல் நீர் தெளிக்க வேண்டாம், கறை விழும்.

உள்ளே துணியே இல்லையாயின், அக்குளிலிருந்து கீழ்வரை இருபுறமும் ஒரு நீண்ட துண்டைச் சேர்க்கலாம். கை தூக்க மட்டுமே இடர்ப்படுமாயின் அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வைத்தாலே போதும். பருத்தி ரவிக்கைக்குச் சேர்க்கும் புதுத்துணியை முன்னதாக நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். சுருங்காத புதுத்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று நம் ஆண்டவர் எடுத்துக்காட்டியது ஒவ்வொரு தையற்காரரும் அறிந்த உண்மையே. நனைக்காத பருத்தித் துணி முதல் துவைப்பிலேயே சுருங்கி, தன்னைச் சுற்றியுள்ள பழைய துணியை இழுக்கும்.

ஆயத்த ஆடை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. இக்காலத்து ஆயத்த ஆடைகளில் பெரும்பாலும் தையலையொட்டியே வெட்டி ஓவர்லாக் செய்துவிடுகின்றனர். பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி இராது. இரு அளவுகளுக்கிடையே ஐயம் எழுந்தால் பெரியதையே வாங்குங்கள். பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்குதல் அரிது. அவ்வாடைகள் ஒரு பொது அளவுக்கு வெட்டப்பட்டவை. அவை நமக்குப் பொருந்தாவிட்டால் நம் உடலை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சில வேலைகளை வீட்டில் தொடாமலிருப்பதே நன்று: உள்துணி வைத்த கழுத்து, வெல்வெட், ஜிப் வைத்த பின்புறம் முதலியன. இவற்றைத் தையற்காரரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். பிறர் தைத்ததைப் பிரித்து, அதன் போக்கை அறிந்து, மீண்டும் சேர்ப்பது புதிதாகத் தைப்பதைவிடக் கடினமான வேலை என்பதை, ஒரு கவுனை நீங்களே திருத்திய பின் நன்குணர்வீர்கள்.

மடல் எழுதிய சகோதரிக்கு நாம் கூறுவது இதுவே. திருமணத்துக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகலை ஒதுக்கி, நூலோட்டத்தோடு மட்டும் நிறுத்துங்கள். இயந்திரத் தையல் மறுநாளைக்கு ஆகட்டும். இளையவளுக்கு அணிவித்து, முன்பு அவள் நின்ற அதே கண்ணாடி முன் நிற்கச் செய்து, "எங்கேயாவது பிடிக்கிறதா?" என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லும் இடத்தில் இன்னொரு முறை பிரித்துத் தைத்துக் கொடுங்கள். அதன்பின் உங்கள் ரவிக்கையையும் மறவாமல் எடுங்கள். அத்திருமணத்துக்கு நீங்களும் செல்ல வேண்டும்.

அடுத்த இதழில், கிழிந்த போர்வைகளையும் பழைய சேலைகளையும் கொண்டு மழைக்காலத்துக்கு மெத்தை விரிப்புத் தைக்கும் முறையைக் காண்போம்.